இணையப் பணக் கணக்கு முடங்கினால்...? சுயேச்சை மென்பொருளாளர்களின் உழைப்பும் அந்தரங்கமும்



ஒரு காலத்தில் வேலை என்றால் காலையில் புறப்பட்டு அலுவலகம் போவதும், மாத இறுதியில் சம்பளம் வாங்கி வருவதும்தான். இன்று கிள்ளானிலோ சுங்கை பட்டாணியிலோ வீட்டு அறையில் அமர்ந்தபடி, ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் உள்ள நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு முதலாளி கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. வேலையை முடித்து, மின்னஞ்சலில் பட்டியல் அனுப்பினால், பணம் இணையக் கணக்கு ஒன்றில் வந்து விழும். அந்தக் கணக்கு பேபாலாக இருக்கலாம், பேயோனியராக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும் வரையில் இதைப்போல் வசதியானது வேறொன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் கணக்கைத் திறக்கும்போது, 'உங்கள் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது; கீழ்க்காணும் ஆவணங்களை அனுப்பவும்' என்ற அறிவிப்பு வருகிறது. பணம் உள்ளே இருக்கிறது, எடுக்க முடியாது. வேலை கொடுத்தவர் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார். நடுவில் உள்ளவர் பூட்டிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பார்களே, அதே நிலைதான்.

அந்தப் பூட்டைத் திறக்க வேண்டுமானால், தொழிலாளர் தம்மைப் பற்றிய விவரங்களை மட்டுமல்ல, தமக்கு வேலை கொடுத்தவரின் விவரங்களையும் மூன்றாமவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. பணமா, அந்தரங்கமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இந்த உரையின் மையக் கருத்தும் அதுவே.

வங்கி வேறு, இணையக் கணக்கு வேறு

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். இணையப் பணக் கணக்கு வங்கிச் சேமிப்புக் கணக்கு அன்று. மலேசியாவில் வங்கியில் போட்ட பணத்துக்கு பிஐடிஎம் எனப்படும் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரையில் பாதுகாப்பு அளிக்கிறது. சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் இந்த வரம்பு 100,000 வெள்ளி. மின்பணப் பைகளில் கிடக்கும் தொகைக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பயனீட்டாளரின் பணத்தைத் தனியாக வைத்துக் காக்க வேண்டும் என்ற விதிகள் உண்டு. ஆனால் அவை வைப்புத்தொகைக் காப்பீட்டுக்கு ஈடாகா.

அடுத்து, கணக்கைத் தொடங்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறோமே என்பதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. அந்த நீண்ட ஒப்பந்தத்தில்தான், சந்தேகம் எழுந்தால் கணக்கைக் கட்டுப்படுத்தவும் பணத்தைப் பிடித்து வைக்கவும் நிறுவனத்துக்கு உரிமை தரப்படுகிறது. பேபாலின் விதிமுறையில் இந்தப் பிடிப்புக் காலம் 180 நாள் வரை போகலாம். 180 நாள் என்றால் ஆறு மாதம். மாதச் சம்பளம் வாங்குபவருக்கு ஆறு மாதச் சம்பளம் நின்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். வீட்டு வாடகையும் கார்க் கடனும் ஆறு மாதம் காத்திருக்குமா?

ஏன் முடக்குகிறார்கள்?

நிறுவனங்கள் வேண்டுமென்றே வம்பு செய்கின்றன என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணங்களை அறிந்துகொண்டால்தான் பாதுகாப்பைத் தேட முடியும். முக்கியமாக நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, சட்டம். கள்ளப் பணத்தை வெள்ளையாக்குவதையும் பயங்கரவாதத்துக்கு நிதி போவதையும் தடுக்க உலக நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. மலேசியாவில் அதற்கான சட்டம் 2001-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பணம் அனுப்பும் நிறுவனங்கள் பயனீட்டாளர் யார் என்று உறுதி செய்ய வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். செய்யத் தவறினால் தண்டனை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தடைப் பட்டியல் விதிகளை மீறிய பரிமாற்றங்களுக்காக பேபால் நிறுவனம் சுமார் 7.7 மில்லியன் டாலர் கட்டி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. இப்படிச் சூடுபட்ட நிறுவனம், சந்தேகம் வந்தால் முதலில் பூட்டிவிட்டுப் பிறகுதான் கேள்வி கேட்கும்.

இரண்டாவது, பணம் திரும்பப் பெறப்படும் அபாயம். கடன்பற்று அட்டையில் பணம் செலுத்தியவர், 'நான் கேட்ட வேலை கிடைக்கவில்லை' என்று பல வாரங்கள் கழித்தும் புகார் செய்யலாம். அப்போது நடுவில் உள்ள நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். பொருளை விற்பவரிடம் தபால் ரசீது இருக்கும். மென்பொருளுக்குத் தபால் ரசீது ஏது? கண்ணால் காண முடியாத பொருளை ஒப்படைத்ததற்கு ஆதாரம் காட்டுவது கடினம். ஆகவே ஆபத்து மிகுந்த தொழிலாகவே இது கருதப்படுகிறது.

மூன்றாவது, இயந்திரத்தின் சந்தேகம். மாதம் 500 டாலர் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென 8,000 டாலர் வந்தால் கணினி நிரல் அதைக் குறித்துக்கொள்ளும். காலையில் கோலாலம்பூரிலிருந்தும் மாலையில் நெதர்லாந்திலிருந்தும் ஒரே கணக்கைத் திறந்ததுபோல் தெரிந்தாலும் அப்படித்தான். மென்பொருளாளர்கள் வாடிக்கையாளரின் கணினிக்குள் நுழைய விபிஎன் பயன்படுத்துவது அன்றாட வழக்கம். அவருக்கு அது வேலை. இயந்திரத்துக்கு அது களவு.

நான்காவது காரணம் தமிழர்களுக்கு நெருக்கமானது. அதுதான் பெயர். மலேசிய அடையாள அட்டையில் சொந்தப் பெயர், பிறகு 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு தந்தையின் பெயர் இருக்கும். சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று வரும். இணையக் கணக்குப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை மட்டும் காட்டுகிறது. ஒருவர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுகிறார். வங்கியில் முழுப் பெயர் இருக்கிறது. கடப்பிதழில் வேறொரு வரிசையில் இருக்கிறது. மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். இயந்திரம் பார்த்தால் மூன்று ஆட்கள். பணம் வங்கிக்குப் போகாமல் திரும்பி வருவதற்கும், அடையாளச் சோதனை தோல்வியடைவதற்கும் இது ஒரு காரணமாகிவிடுகிறது.

அழுத பிள்ளைக்குப் பால்

இப்படி முடக்கப்பட்ட கணக்குகளில் சில உலகறிந்தவை. 2010 செப்டம்பரில், மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைத் தனியாளாக உருவாக்கிய சுவீடன் நாட்டு மென்பொருளாளர் மார்க்குஸ் பெர்சன், தமது பேபால் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டதையும், அதில் 600,000 யூரோவுக்கும் மேல் சிக்கிக்கொண்டதையும் பகிரங்கமாகத் தெரிவித்தார். விளையாட்டு பிரபலமானதால் பணம் திடீரென்று குவிந்திருந்தது. வெற்றியே சந்தேகத்துக்குக் காரணமாகிவிட்டது. அதே விளையாட்டை 2014-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

2013 செப்டம்பரில் ஐஸ்லாந்தை மையமாகக் கொண்ட மெயில்பைல் என்ற குழுவுக்கு இதே அனுபவம் ஏற்பட்டது. மின்னஞ்சலை மற்றவர் படிக்க முடியாதபடி காக்கும் மென்பொருளை உருவாக்க அவர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். சுமார் 45,000 டாலர் முடக்கப்பட்டது. செலவுத் திட்டத்தை விவரமாகக் காட்டும்படி அவர்களிடம் கேட்கப்பட்டது. செய்தி இணையத்தில் பரவிய பிறகு பணம் விடுவிக்கப்பட்டது.

மறு ஆண்டு, 2014-இல், சுவிட்சர்லாந்தின் புரோட்டான்மெயில் குழு திரட்டிய 275,000 டாலருக்கும் மேற்பட்ட தொகை இதேபோல் நின்றது. மின்னஞ்சல்களை மறையீடு செய்ய அரசாங்க அனுமதி இருக்கிறதா என்று தங்களிடம் கேட்கப்பட்டதாக அக்குழுவினர் அறிவித்தார்கள். இங்கும் கூக்குரல் எழுந்தது. உடனே கட்டுப்பாடு நீக்கப்பட்டது. தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று நிறுவனம் கூறியது.

இந்த மூன்று சம்பவங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேர் இருந்தது; அவர்கள் குரல் எழுப்பினால் கேட்க ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது. ஆனால் 1,200 டாலர் சிக்கிக்கொண்ட ஒரு தனி மென்பொருளாளர் அழுதால் யார் காதில் விழும்? அவருக்குக் கைகொடுப்பது கூக்குரல் அன்று. ஒழுங்காக வைத்திருக்கும் பதிவுகள்தான்.

ஆள் தவறாமலும் நாடே முடங்கலாம்

சில வேளைகளில் தனியாளின் நடத்தைக்கும் முடக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. இந்தியாவில் நடந்தது அதற்குச் சான்று. 2010 தொடக்கத்தில் அங்கு பேபால் வழியாகத் தனிநபர் பணப் பரிமாற்றமும் வங்கிக்குப் பணம் எடுப்பதும் திடீரென்று நிறுத்தப்பட்டன. பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, 2011 மார்ச் முதல் ஏற்றுமதிக்கான ஒரு பரிமாற்றத்தில் 500 டாலருக்கு மேல் பெற முடியாது என்ற நிலை வந்தது. வந்த பணத்தைக் கணக்கிலேயே வைத்துச் செலவிடவும் முடியாது; ஏழு நாளுக்குள் வங்கிக்கு மாற்றிவிட வேண்டும். சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டு வேலைகளை நம்பியிருந்த மென்பொருளாளர்களுக்கு, ஒரு பட்டியலை நான்காகவும் ஐந்தாகவும் உடைத்து அனுப்பும் நிர்ப்பந்தம் உண்டானது. அவ்வரம்பு 2011 அக்டோபரில் 3,000 டாலராகவும் 2013-இல் 10,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. 2023 அக்டோபரில் புதிய விதிமுறை வந்து, வரம்பு 25 லட்சம் ரூபாயாக மாறியது.

துருக்கியில் 2016-ஆம் ஆண்டில் உள்நாட்டு உரிமம் மறுக்கப்பட்டதால் பேபால் தன் சேவையையே நிறுத்திக்கொண்டது. ஒரே அறிவிப்பில் ஒரு நாட்டின் மென்பொருளாளர்கள் அனைவரும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு சம்பவம் 2020 ஜூனில் நடந்தது. ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனத்தின் கணக்கில் 1.9 பில்லியன் யூரோ இல்லை என்பது அம்பலமாகி அந்நிறுவனம் திவாலானது. அதன் பிரிட்டிஷ் கிளையின் செயல்பாட்டை அந்நாட்டு நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு ஜூன் 26-ஆம் தேதி நிறுத்தி வைத்தது. பேயோனியர் வெளியிட்ட அட்டைகள் அந்தக் கிளையின் வழியாகவே வழங்கப்பட்டிருந்தன. அதனால் பல நாடுகளில் சுயேச்சைத் தொழிலாளர்களின் அட்டைகள் செயலிழந்தன. ஜூன் 30-ஆம் தேதி தடை நீங்கியது. நான்கு நாள்தான் என்றாலும், தங்கள் பணம் தாங்கள் பெயரும் கேட்டிராத ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதைப் பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

காரணம் சொல்லாதது ஏன்?

முடக்கத்தைவிட மனத்தை வாட்டுவது மௌனம். 'ஏன் முடக்கினீர்கள்?' என்று எத்தனை முறை கேட்டாலும் பொத்தாம் பொதுவான பதிலே வரும். இதற்கும் சட்டத்தில் ஒரு பின்னணி உண்டு. சந்தேகத்துக்குரிய பரிமாற்றம் பற்றி அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பப்பட்டிருந்தால், அதைச் சம்பந்தப்பட்டவரிடம் வெளிப்படுத்துவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றம். உண்மைக் குற்றவாளி முன்கூட்டியே உஷாராகிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி அது. ஆனால் ஏதுமறியாத மென்பொருளாளரும் அதே மௌனத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். எல்லா முடக்கங்களுக்கும் இந்த விதி காரணமாகிவிடாது. சாதாரணப் பெயர்க் குழப்பத்துக்கும் இதே மௌனத்தைக் கடைப்பிடிப்பதுதான் நியாயமற்றது.

அந்தரங்கம் ஒன்றல்ல, இரண்டு

இனி மையமான விஷயத்துக்கு வர வேண்டும். கணக்கைத் திறந்துவிட என்னென்ன கேட்கப்படுகின்றன? அடையாள அட்டையின் இருபுறப் படம், முகப் படம், வீட்டு முகவரிக்குச் சான்றாகத் தண்ணீர் அல்லது மின்கட்டண ரசீது, வங்கி அறிக்கை, வாடிக்கையாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம், பட்டியல், வேலையை ஒப்படைத்ததற்கான ஆதாரம். இவற்றில் முதல் பாதி தொழிலாளருடைய அந்தரங்கம். மறுபாதி வாடிக்கையாளருடைய அந்தரங்கம்.

முதலில் தொழிலாளருடையதைப் பார்த்தால், கொடுத்த விவரம் ஓர் இடத்தோடு நிற்பதில்லை. 2018 தொடக்கத்தில் பேபால் தன் ஐரோப்பியப் பயனீட்டாளர்களுக்காக வெளியிட்ட பட்டியலில், தனிநபர் விவரங்கள் பகிரப்படக்கூடிய நிறுவனங்கள் 600-க்கும் மேல் இருந்தன. வங்கிகள், கடன் தகுதி ஆராய்பவர்கள், விளம்பர நிறுவனங்கள், வாடிக்கையாளர் சேவை மையங்கள் எனப் பலவும் அதில் அடங்கும். பட்டியலை வெளியிட்டதையாவது பாராட்ட வேண்டும். வெளியிடாத நிறுவனங்கள் எத்தனையோ.

கொடுத்த விவரம் களவு போவதும் உண்டு. 2022 டிசம்பரில் சுமார் 35,000 பேபால் கணக்குகளுக்குள் அந்நியர்கள் நுழைந்தார்கள். வேறு இடங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களை இங்கும் போட்டுப் பார்த்தே நுழைந்தார்கள். விற்பனையாளர்களுக்கான அமெரிக்க வரிப் படிவங்களைக் கணக்கிலேயே பார்க்கும்படி செய்த ஏற்பாட்டின் வழியாகப் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போன்றவை வெளியாகின. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையுடன் 2025 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 2 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. இதில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. நிறுவனம் தன் கதவைச் சரியாகப் பூட்டவில்லை. பயனீட்டாளர்களோ எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியை வைத்திருந்தார்கள்.

அடுத்தது வாடிக்கையாளருடைய அந்தரங்கம். மென்பொருள் தொழிலில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரகசியக் காப்பு விதி இருக்கும். யாருக்காக வேலை செய்கிறோம், என்ன செய்கிறோம் என்பதை வெளியிடக் கூடாது என்பதே அது. இப்போது பணம் வழங்கும் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தையே கேட்கிறது. காட்டினால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு மீறப்படும். காட்டாவிட்டால் உழைத்த பணம் பூட்டியே கிடக்கும். தம் பணம் தமக்குரியது என்று நிரூபிக்க, பிறருடைய கடிதத்தைக் காட்ட வேண்டிய இக்கட்டு இது. மாதச் சம்பளக்காரருக்கு இப்படி ஒரு நிலை வருவதில்லை. சுயேச்சைத் தொழிலாளருக்கு மட்டுமே வருகிறது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். கணக்கு முடங்கிய பிறகு செய்யக்கூடியது கொஞ்சம். முடங்குவதற்கு முன் செய்யக்கூடியது நிறைய.

ஒப்பந்தத்தில் ஒரு வரி: 'பணம் பெறுவதற்கும் வரி செலுத்துவதற்கும் சட்டப்படி தேவைப்படும் அளவுக்கு இந்த ஒப்பந்தத்தின் விவரங்களை உரிய நிறுவனத்திடம் காட்டலாம்' என்ற ஒரு வரியை முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். நல்ல வாடிக்கையாளர் எவரும் இதை மறுக்க மாட்டார். முன்பு சொன்ன இக்கட்டை இந்த ஒரு வரி பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது.

பட்டியலும் ஆதாரமும்: ஒவ்வொரு வேலைக்கும் எண், தேதி, வேலையின் சுருக்கம், தொகை ஆகியவற்றோடு பட்டியல் இருக்க வேண்டும். சுருக்கம் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் இரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 'கிடங்கு நிர்வாக மென்பொருள், மூன்றாம் கட்டம்' என்றால் போதும். வேலையைப் பெற்றுக்கொண்டதாக வாடிக்கையாளர் எழுதிய மின்னஞ்சலைத் தனியே சேமித்து வைக்க வேண்டும். தபால் ரசீதுக்குப் பதில் அதுதான் ரசீது. ஒப்படைப்புக்கு ஆதாரம் கேட்டால் நிரலின் மூலப் பிரதியை அனுப்பிவிடக் கூடாது. கேட்பது சான்று, நிரல் அன்று. அது வாடிக்கையாளரின் சொத்து.

பெயர் ஒற்றுமை: அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, இணையக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே சரிபார்க்க வேண்டும். முரண்பாடு இருந்தால், பெரிய தொகை வருவதற்கு முன்பே திருத்திக்கொள்வது நல்லது.

பணத்தைத் தேக்கி வைக்காமை: இணையக் கணக்கு பணம் வந்து போகும் வழியாக இருக்க வேண்டுமே தவிர, உண்டியலாக இருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை வங்கிக்கு மாற்றிவிடுபவருக்கு முடக்கம் வந்தாலும் ஒரு வார வருமானமே சிக்கும். அதோடு, நேரடி வங்கிப் பரிமாற்றம் போன்ற இரண்டாவது வழியையும் வாடிக்கையாளருடன் பேசி வைத்திருக்க வேண்டும்.

பெரிய தொகைக்கு முன்னறிவிப்பு: வழக்கத்துக்கு மாறான தொகை வரப்போகிறது என்றால், நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதி, பதிலைச் சேமிக்கலாம். இதனால் முடக்கம் வராது என்று உறுதி கிடையாது; வந்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கும். பணக் கணக்கைத் திறக்கும்போது விபிஎன்னை நிறுத்திவிடுவது நல்லது.

அளந்து கொடுத்தல்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கேட்டதை மட்டும் கொடுக்க வேண்டும். கேட்காததைச் சேர்த்து அனுப்பக் கூடாது. வங்கி அறிக்கை கேட்டால் எந்த மாதம் என்று கேட்டு, அதை மட்டும் தர வேண்டும். அடையாள அட்டையின் நகல் கொடுக்கும்போது, எந்த நோக்கத்துக்காக என்று அதன் குறுக்கே எழுதித் தருவது மலேசியாவில் பலர் கைக்கொள்ளும் வழக்கம். சில இணையச் சோதனைகள் குறுக்கே எழுதிய படத்தை ஏற்பதில்லை. அப்போது நிறுவனத்தின் உண்மையான தளத்தின் வழியாக மட்டும் பதிவேற்ற வேண்டும். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி ஒருபோதும் அனுப்பக் கூடாது. 'கணக்கு முடங்கியது' என்று பயமுறுத்தி ஆவணங்களைக் கறக்கும் மோசடிக்காரர்கள் ஏராளம்.

முகவரியும் தொழிற்பதிவும்: வணிகக் கணக்கில் போடும் முகவரியும் தொலைபேசி எண்ணும் முன்பின் தெரியாத வாடிக்கையாளரின் கண்ணில் படக்கூடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், வேலைக்கென்று தனித் தொலைபேசி எண் வைத்துக்கொள்வது நல்லது. மலேசியாவில் தனியாள் தொழிலை நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்வதும் பெரிய செலவு அன்று. அந்தப் பதிவுச் சான்றிதழ், பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முதல் பதிலாக அமையும். கணக்குப் புத்தகங்களை மலேசியாவில் 7 ஆண்டும் சிங்கப்பூரில் 5 ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். வரிக்காக வைத்த பதிவே முடக்கத்தின்போதும் உதவும்.

செய்யக் கூடாதவை

முடக்கம் வந்தவுடன் வேறு பெயரில் இன்னொரு கணக்கைத் தொடங்குவது பெரும் தவறு. இரண்டும் ஒருவருடையவை என்று கண்டுபிடித்துவிட்டால் இரண்டுமே நிரந்தரமாக மூடப்படலாம்.

நண்பரின் கணக்கை இரவல் வாங்குவது அதைவிட ஆபத்து. மலாய் மொழியில் 'அக்காவுன் கெல்டாய்' என்றும் தமிழ்ப் பத்திரிகைகளில் 'கழுதைக் கணக்கு' என்றும் சொல்லப்படும் இரவல் கணக்குகள் மோசடிக் கும்பல்களின் ஆயுதம். அவற்றைத் தடுக்க மலேசியக் குற்றவியல் சட்டம் 2024-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. நல்லெண்ணத்தோடு கணக்கை இரவல் கொடுத்தவரும் காவல் நிலையப் படியேற நேரிடும்.

கட்டணத்தை மிச்சப்படுத்த, வேலைக்கான பணத்தை 'நண்பர், குடும்பம்' என்ற பிரிவில் அனுப்பச் சொல்வதும் விதிமீறல். சில டாலரை மிச்சப்படுத்தப் போய் முழுத் தொகையையும் சிக்கலில் மாட்டிவிடுவதாக அது முடியும்.

எங்கே முறையிடுவது?

முதலில் ஒப்பந்தத்தைத் திறந்து, கணக்கு எந்த நாட்டு நிறுவனத்துடன், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மலேசிய உரிமம் பெற்ற மின்பண நிறுவனம் என்றால், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்துபூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். பயனில்லை என்றால், 2025 ஜனவரி 1-ஆம் தேதி செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை அமைப்பையோ பேங்க் நெகாராவையோ அணுகலாம். சிங்கப்பூரில் ஃபிட்ரெக் என்ற தீர்வு மையம் 2005 முதல் இயங்கி வருகிறது. அதன் உறுப்பு நிறுவனங்கள் மீதான புகார்களை அது விசாரிக்கும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2013 நவம்பரிலும் சிங்கப்பூரில் 2014 ஜூலையிலும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு வணிக நிறுவனம் தம்மைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறது என்று கேட்கவும் தவறானதைத் திருத்தவும் இச்சட்டங்கள் உரிமை தருகின்றன. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. பெயர்க் குழப்பத்தால் முடங்கிய கணக்குகளுக்கு இது பயனுள்ள கருவி.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது

பழி முழுவதையும் ஒரு தரப்பின் மீது போடுவது முறையன்று. கட்டுப்பாடுகளே வேண்டாம் என்று சொல்ல முடியாது. இணைய மோசடியில் வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்த முதியவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி பத்திரிகைகளில் வருகிறது. அந்தப் பணமும் இதே வழிகளில்தான் பயணம் செய்கிறது. சோதனை இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் சோதனை செய்பவருக்கும் கடமை உண்டு. எந்த ஆவணம், எதற்காகத் தேவை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை நாளில் முடிவு தெரியும் என்று தேதி தர வேண்டும். இயந்திரம் பூட்டியதை ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும். சட்டம் வைத்திருக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். அமெரிக்காவில் கணக்கு முடக்கம் குறித்துப் பயனீட்டாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கைத் தீர்க்க, 2004-ஆம் ஆண்டிலேயே பேபால் 9.25 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒருவராக நின்றால் கேட்காத காது, பலராக நின்றால் கேட்கும் என்பதற்கு அது சான்று. சுயேச்சைத் தொழிலாளர்கள் தனித்தனித் தீவுகளாக இருக்கிறார்கள். ஆளுக்கொரு அறையில் இருந்தாலும், அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளவும் பயனீட்டாளர் சங்கங்களின் வழியாகக் கோரிக்கை வைக்கவும் அவர்கள் ஒன்றுசேர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அறைக்குள் கணினியோடு இருப்பது பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது உழைப்பு. அந்த உழைப்பின் ஊதியம் எந்த வழியாக வருகிறது, அந்த வழி அடைபட்டால் என்ன ஏற்பாடு என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் தனியே வைத்திருக்கும் பழக்கத்தை இளையோருக்குக் கற்றுத்தர வேண்டியவர்களும் அவர்களே.

பணம் வாங்கும் வழிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்றுள்ள நிறுவனங்கள் போய் வேறு நிறுவனங்கள் வரலாம். எது வந்தாலும், பதிவு வைத்திருப்பவரின் பணம் சீக்கிரம் விடுபடும். அளந்து கொடுப்பவரின் அந்தரங்கம் நிலைக்கும். இவ்விரண்டையும் பழக்கமாக்கிக்கொள்பவர், கணக்கு முடங்கிய நாளிலும் கலங்காமல் நிற்பார்.